குழாய், பெரியது, இரண்டு

கோவளம் பக்கம் மூடிப்போன விடுதியொன்றின் பின்புறத்தில்
அதன் மேல் கோழிகள் அடைகாத்துக் கிடந்தன.
விரட்டிவிட்டு விலை பேசினோம்.
இருபத்தெட்டாயிரம். எச்சம் இனாம்.

உளுந்தூர்பேட்டை தாண்டி
லாரியை ஓரம் கட்டச் சொன்னவர்
டார்ச் அடித்துக் கேட்டார், என்ன இது?
கட்டுமரம் சார்.
மரம் எங்கே?
மரம் இல்லை சார், ஃபைபர்.
கட்டு?
அதுவும் இல்லை சார், போல்ட்டு.
கொஞ்சம் யோசித்து நோட்டில் எழுதினார்:
குழாய், பெரியது, இரண்டு. சேலம்.

நம் சொல்தான்.
யாரோ கடல் தாண்டிக் கொண்டுபோய்
எலும்பை மாற்றி, தோலை மாற்றி,
வாயில் வேறு உச்சரிப்பை வைத்துத்
திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
படகுக்கு முன்பே பெயர் செகண்ட் ஹேண்ட்.

கொண்டலாம்பட்டியில்
என் தார்ப்பாய்க் கடைக்குப் பின்னால் இறக்கினோம்.
பங்குக்குப் பாதிப் பணம் போட்ட ஷம்சுதீன்
பஸ்ஸுக்கு முகம் செய்கிறவன்.
மோதி நொறுங்கிய ஆம்னி பஸ்களின் மூக்கைக்
கண்ணாடி நாரும் ரெசினும் வைத்து வளர்க்கிறவன்.
தேங்காய் பொறுக்குவதுபோல் தட்டித் தட்டிப் பார்த்தான்.
இது நல்லா இருக்கு.
இது தண்ணி குடிச்சிருக்கு.

திருகைக் கழற்றியதும்
இடது வயிற்றிலிருந்து அரை வாளி கடல் கொட்டியது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கஞ்சமலை தெரிகிற வாசலில்
வங்காள விரிகுடாவின் உப்பு.
அங்கே இன்னும் புல் முளைக்கவில்லை.
பக்கத்து வீட்டு ஆடு மட்டும்
தினமும் வந்து நக்கிவிட்டுப் போகிறது.

எண்பதாம் நம்பர் தாளால் தேய்க்க
வெள்ளைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே மஞ்சள்,
அதற்கும் கீழே சிவப்பில் ஒரு பெயர்,
ரோஸ்லின்.
யாரென்று தெரியாது.
நான்கு நாள் அவளைச் சுற்றியே தேய்த்தான் ஷம்சுதீன்.
ஐந்தாம் நாள் டீ கொண்டுவந்த அவன் மனைவி
ஒன்றும் சொல்லாமல் படித்துவிட்டுப் போனாள்.
சாயங்காலத்துக்குள் ரோஸ்லின் தூசி.

பாய் என் வேலை.
கிழிசல் ஏழு அடி, எலி கடித்த ஓட்டை ஒன்பது.
இருபத்திரண்டு வருடம்
காற்று புகாமல் இருக்கத் தைத்த கை.
காற்றுக்கென்று தைக்கச் சொன்னால்
அதற்குப் புரியவில்லை.
மூன்று தடவை பிரித்தேன்.
நான்காவது தையலில், கீழ்மடிப்புக்கு உள்ளே
யாருக்கும் தெரியாத இடத்தில்
ரோஸ்லினைச் சிவப்பு நூலில் எழுதி மூடினேன்.

ஆடி பதினெட்டு கூட்டம் கலைந்த மறுநாள்
பண்ணவாடித் துறை.
அணை முக்கால் நிறைந்திருந்தது.
இருவருக்கும் நீச்சல் தெரியும்,
படகு தெரியாது.
செல்போனில் பார்த்ததெல்லாம் கரையிலேயே மறந்துபோனது.
பாய் ஒருமுறை படபடத்தது,
கடைக்கு வெளியே தொங்கும் தார்ப்பாய் மாதிரி.
பிறகு சத்தமே இல்லை.
சத்தம் நின்றால் ஓடுகிறோம் என்று அர்த்தம்,
அது அப்புறம்தான் தெரிந்தது.
வலது குழாய் தண்ணீரைவிட்டு எழுந்தது.
நான் கத்தியது தருமபுரிக் கரைக்குக் கேட்டிருக்கும்.
ஷம்சுதீன் சிரித்துக்கொண்டே
எல்லாக் கயிற்றையும் விட்டுவிட்டான்.

நடு ஏரியில் காற்று செத்தது.
அரை மணி நேரம் கழித்து
பரிசலில் சுற்றிச் சுற்றி வந்தார் மாதையன்.
இங்க ஏன் நிக்கறீங்க? அடியில நந்தி இருக்கு.
எங்கே?
நேரா கீழ. அந்தாண்ட சாமி.
குறுக்க நிக்கக் கூடாதும்மா.

காற்றில்லாமல் எப்படி நகர்வது?
மீன் நாறும் நைலான் கயிறொன்றை வீசினார்.
கட்டியாச்சா?
கட்டியாச்சு என்று கத்தும்போது
உளுந்தூர்பேட்டை நோட்டு ஞாபகம் வந்தது.
ஒரு பாதியாவது இப்போது சரி.

நாலு துடுப்பு போட்டிருப்பார்.
பாலமலைப் பக்கமிருந்து வந்த காற்று
பாயில் வந்து உட்கார்ந்தது.
கயிறு தொய்ந்தது, திரும்பியது, விறைத்தது.
துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு
பம்பரமாய்ச் சுழலும் பரிசலுக்குள்ளிருந்து மாதையன்
எங்கள் இருவரின் பரம்பரையையும் திட்டிக்கொண்டே வருகிறார்.
நிறுத்துவது எப்படி என்பதைத்தான்
நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.